"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"

"நேர்மையெல்லாம் வீட்ல கத்துக்கறது, ஆபீஸ்ல ட்ரெயினிங் வச்சா வருமா?"ன்னு ஒரு ஃப்ரெண்டு கேட்டான். வராதுதான். ஆனா வீட்ல கத்துக்கிட்டு வந்ததை ஆபீஸ் அழிச்சுடும், அது எனக்கே நடந்திருக்கு.

முதல் வேலை, பில்லிங் செக்‌ஷன். குவார்ட்டர் முடியுது, டார்கெட் இடிக்குது, சரக்கு இன்னும் குடோன்லயே கிடக்கு. மேனேஜர் வந்து "இன்வாய்ஸ்ல 31ஆம் தேதி போட்டுடு, லோடு ரெண்டு நாள்ல போயிடும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னார். பொய் எழுதுன்னு சொல்லியிருந்தா கை நடுங்கியிருக்கும், அட்ஜஸ்ட்னு சொன்னதால நடுங்கல. போட்டேன். அடுத்த குவார்ட்டர் யாரும் வந்து சொல்லவே இல்ல, நானாவே போட்டேன்!

கணக்குல மோசடி பண்ணி விழுந்த அமெரிக்க எரிசக்தி கம்பெனி என்ரானோட கதை படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இன்வாய்ஸ்தான் ஞாபகம் வரும். அவங்க நிதித் தலைவர் ஃபாஸ்டோ தானே நடத்துற பார்ட்னர்ஷிப்போட கம்பெனி டீல் போடணும், நெறிமுறை விதி இடம் கொடுக்கல, 1999ல போர்டே அவருக்காக அந்த விதியைத் தளர்த்திக் கொடுத்துச்சு. அடுத்த வருஷம் அதே கம்பெனி 64 பக்கத்துக்கு நெறிமுறை புக் போட்டு ஊழியர்களுக்குக் கொடுத்துச்சு. 2001 டிசம்பர்ல திவால்.

அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ பேங்க்ல ஒரு கஸ்டமர் தலைக்கு எட்டு ப்ராடக்ட்னு டார்கெட், கஸ்டமருக்கே தெரியாம லட்சக்கணக்குல அக்கவுண்ட் திறந்தாங்க. 2016ல விஷயம் வெடிக்கறதுக்குள்ள சுமார் 5,300 பேரை வேலைய விட்டு அனுப்பியாச்சு, பெரும்பாலும் கீழ இருந்தவங்க. டார்கெட் போட்டவங்க பக்கம் கை போக ரொம்ப நாளாச்சு, அப்ப சிஇஓவா இருந்தவருக்கு 1.75 கோடி டாலர் அபராதம் விழுந்ததே 2020லதான்.

உடனே எல்லாரும் நேர்மையான கம்பெனியும் இருக்குன்னு டைலனால்ங்கற வலி மாத்திரையோட கதையை எடுப்பாங்க. 1982, சிகாகோ பக்கம் யாரோ மாத்திரைல சயனைடு கலந்து 7 பேர் செத்தாங்க, அதை விக்கற ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் மேல தப்பில்லாமலே சுமார் 3.1 கோடி பாட்டிலை நாடு முழுக்க திரும்ப எடுத்துச்சு, 10 கோடி டாலருக்கு மேல செலவு. பெரிய விஷயம்தான், இல்லைங்கல. ஆனா அதே கம்பெனி பின்னாடி டால்க் பவுடரால புற்றுநோய் வந்துச்சுன்னு போட்ட கேஸ்ல வருஷக்கணக்கா கோர்ட் ஏறிட்டு இருக்கே, 1982 புண்ணியத்தை எத்தனை வருஷத்துக்கு வச்சு செலவு பண்றது?

அதனால யாராவது "எங்க தலைவர் ரொம்ப நேர்மையானவர்"னா நான் அவர் மேடைல பேசறதை கேக்கறதில்ல, ரிவ்யூ மீட்டிங்ல யாராவது "சார் இந்த நம்பர் தப்பு"ன்னா அவர் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறேன், அந்த ரெண்டு செகண்டை சுத்தி உக்காந்திருக்கற பத்து பேரும் பாக்கறாங்க, அடுத்த வருஷம் யார் வாய் திறப்பாங்க யார் மாட்டாங்கன்னு அங்கயே முடிவாயிடுது.

ஒரு இன்டர்வியூல "கேள்வி எதாவது இருக்கா?"ன்னாங்க. "கடைசியா உங்ககிட்ட வந்து இது தப்புன்னு சொன்னவர் இப்ப எங்க இருக்கார்?"னு கேட்டேன். சிரிச்சுட்டு, எப்ப ஜாயின் பண்ண முடியும்னார். ஆஃபர் வந்துச்சு, நான் போகல.