சிறைக்குள் இருப்பவரின் கையெழுத்து

என் சித்தப்பா மகன் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த ஐந்து மாதங்களில், ஜாமீனுக்காக அலைந்ததைவிட அவனுடைய ஒரே ஒரு கையெழுத்துக்காகத்தான் நாங்கள் அதிகம் அலைந்தோம். அவன் கணக்கில் இருந்த பணத்தை எடுத்து வீட்டுக் கடன் தவணையைக் கட்டவும், வாடகைக்கு விட்டிருந்த கடையின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் அவன் மனைவிக்கு, அவன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் ஒரு பவர் பத்திரம் தேவைப்பட்டது. வங்கியில் நோட்டரி சான்று கேட்டார்கள். நோட்டரியோ ஆளை நேரில் அழைத்து வரச் சொன்னார். சிறை வாயிலில் கேட்டபோது, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நோட்டரியை உள்ளே அனுப்ப முடியாது என்றார்கள். மனு போட்டுப் பார்க்கப் போகும் நாளில் தடுப்புக்கு அப்பால் நிற்கும் அவனிடம் ஒரு காகிதத்தை நீட்டவும் வழியில்லை. "அவர் எங்கே இருக்கிறார் என்று அரசாங்கத்துக்கே தெரியும், அண்ணி. அவர்தான் அவர் என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?" என்று அவன் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த நாட்களில்தான், நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே ஒருவர், எப்படியாவது கையெழுத்தை மட்டும் வாங்கி வந்துவிட்டால் சீல் வைத்துத் தருவதாகச் சொன்னார். இப்படி நடப்பது பலருக்கும் தெரியும். நான் மறுத்துவிட்டேன். வீட்டில் அதற்காக என்மீது கோபப்பட்டவர்களும் உண்டு. ஆனால் நோட்டரி சான்று என்பதன் பொருளே, இன்னார் என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று ஒருவர் உறுதி சொல்வதுதான். 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் அவருக்கு அளித்திருக்கும் பொறுப்பு அது. பவர் பத்திரத்தில் அந்தச் சான்று இருந்தால் அது முறையாக எழுதிக்கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். பாராமல் வைத்த முத்திரை அன்றைக்கு வேலையை முடித்துவிடும். பின்னாளில் எவராவது எதிர்த்துக் கேட்டால் பத்திரம் விழுந்துவிடும், சிறையில் இருப்பவர் மேல் இன்னொரு வழக்கும் வரலாம்.

இதைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் வேறு. உள்ளே இருப்பவர் வெளியில் இருப்பவர்களையே முழுக்க நம்பி வாழ்கிறார். வக்கீலுக்குப் பணம் கட்டுவதும், ஜாமீனுக்கு ஆள் நிறுத்துவதும், வாரம் தவறாமல் பார்க்க வருவதும் அவர்கள்தாம். அவர்களில் ஒருவர் "இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று சொல்லி அனுப்பினால், அது நிலத்தையே எழுதிக்கொடுக்கும் பத்திரமாக இருந்தாலும் மறுக்கும் நிலையில் அவர் இருப்பதில்லை. அப்படிப்பட்டவரிடம் தனியாக, படித்துக் காட்டி, "இதை நீங்கள் விரும்பித்தான் எழுதிக்கொடுக்கிறீர்களா?" என்று வெளியாள் ஒருவர் கேட்டாக வேண்டும். ஆகவே சிறையில் இருப்பவருக்கு நோட்டரி வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. நோட்டரி அவரிடம் போக வேண்டும் என்று கேட்கிறேன்.

நம் சட்டம் இதை நூறாண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 33-ஆம் பிரிவில், சிறையில் இருப்பவர் பவர் பத்திரத்துக்காகப் பதிவு அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை என்கிறது. அவர் தம் விருப்பப்படிதான் எழுதிக்கொடுத்தாரா என்பதை அறிய, பதிவு அலுவலர் தாமே சிறைக்குச் சென்று விசாரிக்கலாம், அல்லது தம் சார்பில் விசாரிக்க ஒருவரை ஆணையராக நியமித்து அனுப்பலாம். மற்றப் பத்திரங்களுக்கு 38-ஆம் பிரிவும் இதே வழியைக் காட்டுகிறது. ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதில் பணத்தை இழக்கிறார்கள்: பவர் பெற்றவர் சார்பதிவாளர் முன் ஒரு பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டுமானால், இந்தியாவில் வசிப்பவர் எழுதிக்கொடுத்த பவருக்கு நோட்டரி முத்திரை போதாது, பதிவு அலுவலரின் சான்றே வேண்டும். சொத்து விற்பனைக்கென்று நோட்டரியிடம் அலைந்து, செலவழித்து, கடைசியில் பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

தேர்தலில் சிறையிலிருந்தபடியே போட்டியிடலாம். 1977-இல் தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையிலிருந்தே பீகாரின் முசாபர்பூர் மக்களவைத் தொகுதியில் வென்றார். சிறையில் உள்ள வேட்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழியைச் சிறைக் கண்காணிப்பாளர் முன்னிலையிலேயே எடுக்கலாம் என்று தேர்தல் ஆணையம் வழி செய்து வைத்திருக்கிறது. வேட்பாளருக்குத் தெளிவாக இருக்கும் இந்தப் பாதை, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கையெழுத்திட வேண்டிய தகப்பனுக்கு ஏன் இல்லை? 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காதவர்கள் அவர்கள். அவர்களுடைய வங்கிக் கணக்கும் வாடகையும் கடனும் வெளியே நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படாது. ஒவ்வொரு மத்தியச் சிறைக்கும் மாதத்தில் இரண்டு நாள் ஒரு நோட்டரி தம் பதிவேட்டுடன் வரட்டும். காவலில் இருக்கும் எவரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் சொல்வதால், ஏழைக் கைதிகளுக்கான நோட்டரி கட்டணத்தை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையமே ஏற்கலாம். கையெழுத்திடும்போது உறவினர் எவரும் அருகில் இருக்கக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் நான் பிடிவாதமாகக் கேட்பேன்.

எங்கள் விஷயத்தில் வக்கீல் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, அதன் நகல் சிறைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு காலை வேளையில் வயதான நோட்டரி ஒருவர் உள்ளே சென்று வர ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் இரண்டு தவணைகள் தவறிவிட்டன. வெளியே வந்த அந்தப் பெரியவர், பத்திரத்தைக் கொடுப்பதற்கு முன், "வரி வரியாகப் படித்துக் காட்டினேனம்மா, கடை விஷயத்தில் ஒரு சந்தேகம் கேட்டார், விளக்கிய பிறகுதான் கையெழுத்திட்டார்" என்று என் தம்பி மனைவியிடம் சொன்னார். மனு போடும் கூடத்தின் சுவரில் பார்வை நேரமும் உள்ளே கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலும் எழுதியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், ஒரு கையெழுத்துக்கு யாரிடம் எந்த மனுவைக் கொடுக்க வேண்டும் என்று தமிழில் நான்கு வரி எழுதி வைக்க இடம் இருந்தது.