எங்கள் சந்தில் அடைப்பே இல்லை

பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஐப்பசியிலும் நான் ஒரே புகாரைத்தான் கொடுத்து வந்திருக்கிறேன். மேன்ஹோல் பொங்குகிறது, அடைப்பை எடுங்கள். சந்திலுள்ள இருபத்திரண்டு வீடுகளிலும் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். தொலைபேசியில் குரலை உயர்த்தியிருக்கிறேன். வரி கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் பேசியிருக்கிறேன். போன கார்த்திகையில்தான் தெரிந்தது, எங்கள் சந்தில் அடைப்பே இல்லை. பொங்கி வழிந்த தண்ணீரில் ஒரு பங்கு என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து போனது.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் இருக்கும் உறவுகளும் நண்பர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு மாடிக் குழாய் இருக்க வாய்ப்புண்டு.

எங்கள் சந்து எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். நடுவில் பாதாள சாக்கடை ஓடுகிறது. சந்தின் கடைசியில் பள்ளத்து வீடு. அது பள்ளத்தில் கட்டிய வீடு இல்லை. என் சிறு வயதில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் அந்தத் திண்ணைக்குப் போவோம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஒவ்வொரு முறையும் நான்கு விரற்கடை ஏற்றி ஏற்றி, இப்போது இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது. அங்கே தரைத்தளத்து ஒற்றை அறையில் ஓர் ஆயா வாடகைக்கு இருக்கிறார். இட்லி சுட்டு விற்பவர். மழை வலுத்தால் அவர் செய்யும் முதல் வேலை, குளியலறை ஓட்டையில் பழைய துணிமூட்டையைத் திணித்து அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைப்பதுதான். அப்படியும் வரும். வருவது வெறும் மழைத்தண்ணீராக இருந்தால் துடைத்துவிடலாம். என்ன வரும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

போன கார்த்திகையில் வழக்கம்போல், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டியுடன் வந்திருந்தவர்களில் ஒருவர், முப்பது வயதுகூட இருக்காது, என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, மழை நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் தண்ணீர் இறங்குகிறது?" அரை மணி, முக்கால் மணி என்றேன். "அடைப்பாக இருந்தால் இறங்காதே, மழை இல்லாத நாளிலும் நிற்குமே" என்றார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கச்சுவரை அண்ணாந்து பார்த்து, மாடியிலிருந்து இறங்கும் நாலு அங்குலக் குழாயை விரலால் தொடர்ந்துகொண்டே வந்து, அது தரைக்குள் மறையும் இடத்தில் விரலை நிறுத்தினார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த இடத்திலிருந்து மூன்றடி தள்ளி எங்கள் வீட்டுச் சேம்பர், அதாவது வீட்டுக் கழிவெல்லாம் சேர்ந்து தெருச் சாக்கடைக்குப் போகும் தொட்டி, இருக்கிறது.

1991-இல் அப்பா மாடி கட்டியபோது அந்தக் குழாயை அப்படி இறக்கிய மேஸ்திரியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாட்டம் பார்ப்பதில் கெட்டிக்காரர். நாற்பது அடிக்கு ஓரடி வாட்டம் இருந்தால்தான் நாலு அங்குலக் குழாயில் கழிவு தங்காமல் ஓடும் என்று டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்துப் பார்த்துப் பதித்தார். மாடித் தண்ணீரை மட்டும் சேம்பரில் கோத்துவிட்டார். தெருவில் விட்டால் எதிர்வீட்டார் சண்டைக்கு வருவார்கள், சேம்பரில் விட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். அப்பாவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அக்கம்பக்கத்தாரோடு மனஸ்தாபம் வரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் முப்பத்துச் சொச்சம் வருடமாக அந்த ஆயாவின் அறைக்குள் எங்கள் மழைத்தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எவ்வளவு தண்ணீர் என்று அன்றிரவே கணக்குப் போட்டேன். எங்கள் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. ஐந்து சென்டிமீட்டர் மழை கொட்டினால் அதில் விழுவது ஏறக்குறைய 4,600 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் இங்கே இந்த அளவு சில சமயம் ஒரே மணி நேரத்தில் கொட்டிவிடும். சென்னையின் பாதாள சாக்கடையை வடிவமைத்தபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 114 லிட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 456 லிட்டர். ஆக, நாங்கள் பத்து நாளில் வெளியேற்ற வேண்டிய அளவை ஒரு மணி நேரத்தில் குழாய்க்குள் கொட்டியிருக்கிறோம். இருபத்திரண்டு வீட்டில் பத்து வீடு இப்படிச் செய்தாலே போதும். நம் ஊரோ தட்டை ஊர். கழிவுநீர் தானாக வெகுதூரம் ஓடாது, நீரேற்று நிலையங்கள் இழுத்து இழுத்துக் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மோட்டார் இழுப்பதற்கு ஓர் அளவு உண்டு, வானம் கொட்டுவதற்குக் கிடையாது. மிஞ்சிய தண்ணீர் எங்கே தாழ்வான வாய் திறந்திருக்கிறது என்று தேடிக்கொண்டு போகும். எங்கள் சந்தில் அந்த வாய் ஆயாவின் குளியலறை.

இந்த 114 லிட்டர் கணக்கு 1910-இல் போட்டது. 1961-ஆம் ஆண்டில் நகரில் 6.5 லட்சம் பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து அன்றைய பொறியாளர்கள் திட்டமிட்டார்கள். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ குழாய்கள், நிலையங்கள் கூடியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அடிப்படைக் கொள்கை அன்று போட்டதுதான்: கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு வேறு வழி. இரண்டும் கலக்கக் கூடாது.

இதைச் சொன்னபோது எங்கள் சந்தின் மூத்தவர் ஒருவர் என்னை மடக்கினார். "தம்பி, அந்தக் காலத்தில் முற்றத்துத் தண்ணீர் சாக்கடையில்தானே போனது?" உண்மைதான். பழைய வடிவமைப்பில் வீட்டு முற்றங்களில் விழும் மழைத்தண்ணீரில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ள இடம் வைத்திருந்தார்கள். ஓட்டு வீடும் நடுவில் வானம் பார்த்த முற்றமுமாக இருந்த மதராசுக்குப் போட்ட சலுகை அது. முற்றத்தை மூடி அறையாக்கி, அதன்மேல் இரண்டு தளம் எழுப்பி, மனை முழுவதையும் காங்கிரீட் கூரையாக்கிய பிறகும் அதே சலுகையைக் கேட்டால் எப்படி? பெரியவர் சிரித்தார். குழாயை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

எனக்கு ஆத்திரம் வரும் இடம் இன்னொன்று. மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-இல் கட்டாயமாக்கினார்கள். மாடித் தண்ணீரை மண்ணுக்குள் விட வேண்டும் என்பது ஒரு விதி, சாக்கடையில் விடக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் ஒரே குழாயால் மீறியிருக்கிறேன். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தபோது இதே சந்தில் லாரித் தண்ணீருக்கு நள்ளிரவில் குடம் அடுக்கி வைத்துக் காத்திருந்தோம். வரிசையில் முந்தியது யார் என்று அடிதடி வரை போனது. அந்த வருட ஐப்பசியில் வானம் இலவசமாகக் கொடுத்ததை மலத்தோடு கலந்து கொடுங்கையூருக்கு அனுப்பினோம். அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். அதற்காக நல்ல தண்ணீரைக் கெடுத்து அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இதற்கு நேரெதிரான குற்றமும் நம் பகுதியில் தாராளமாக நடக்கிறது. பாதாள சாக்கடை இணைப்புக்கு விண்ணப்பம், கட்டணம், சாலை வெட்ட அனுமதி, உரிமம் பெற்ற பிளம்பர் என்று அலைய வேண்டும். வீட்டு வாசலிலேயே மழைநீர் வடிகால் போனால், இரவோடு இரவாக அதில் ஒரு ஓட்டை போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அந்த மலநீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஓட்டேரி நல்லா என்ற ஓடைக்கும் கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் போய், பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. கால்வாய் நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பவர்களில் எத்தனை பேர் அதற்குத் தண்ணீர் வார்ப்பவர்கள் என்று அடிக்கடி யோசிப்பேன். இனி யோசிக்கும்போது என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதவே வேண்டாம் என்று நினைத்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், சாக்கடை பொங்கியபோது பொறுமை இல்லாமல் சந்தில் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வெளியாள் ஒருவரை வரவழைத்தோம். மூங்கில் குச்சியோடு வந்தார். குச்சி எட்டவில்லை என்று இடுப்பு வரை மேன்ஹோலுக்குள் இறங்கினார். நாங்கள் சுற்றி நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, குளிக்க ஒரு வாளித் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் எதுவும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையில் இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது யார் செய்தாலும் குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-இல் அந்த இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது என்றால் ஆட்கள் இன்னும் இறங்குகிறார்கள் என்றுதான் பொருள். இல்லாத அடைப்பை எடுக்க, எங்கள் மாடித் தண்ணீருக்காக, ஒரு மனிதரை நாங்கள் இறக்கியிருக்கிறோம். இதைவிடக் கடுமையாக என்னை நானே திட்டிக்கொள்ளத் தெரியவில்லை.

சரி, விதி இருந்தும் ஏன் இப்படி? இணைப்பு கொடுக்கும் நாளோடு சோதனை முடிந்துவிடுகிறது. பிறகு முற்றம் மூடப்படும், மாடி எழும், குழாய் சத்தமில்லாமல் கோக்கப்படும், யாரும் வந்து பார்ப்பதில்லை. கூடுதல் தளத்துக்குச் சொத்து வரியை மாற்றியமைக்க வருபவர்கள் அளவு நாடாவோடு வருகிறார்கள். அப்போதே மாடிக் குழாய் எங்கே இறங்குகிறது என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சோதனை என்றால் மழை நாளில் வர வேண்டும். சித்திரையில் வந்து சேம்பர் மூடியைத் திறந்தால் எல்லா வீடும் உத்தமமான வீடுதான்.

அபராதம் மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம் அப்பா காலத்தில் மூடிய கிணறு ஒன்று இருந்ததால் பிழைத்தோம். ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக மாடித் தண்ணீரை அதில் திருப்பிவிட்டோம். ஒன்றரை நாள் வேலை, ஒன்பதாயிரம் ரூபாய். ஆனால் எங்கள் சந்தில் பாதி வீடுகளில் கைக்குட்டை விரிக்கக்கூட வெறும் மண் கிடையாது. ஒண்டுக்குடித்தனம், சுவரோடு சுவர். அவர்கள் உறிஞ்சுகுழியை எங்கே தோண்டுவார்கள்? சந்துக்குப் பொதுவாக ஒரு வழி செய்து கொடுக்காமல் அவர்களை மட்டும் தண்டிப்பது நியாயம் ஆகாது. அதைவிடப் பெரிய அநியாயம், குழாயை மாற்றும் உரிமை வீட்டுக்காரரிடம் இருக்கிறது, நாற்றம் குடியிருப்பவரிடம் இருக்கிறது. ஆயாவின் வீட்டுக்காரர் அண்ணா நகரில் இருக்கிறார். அவர் வீட்டுக் குளியலறையில் எதுவும் மேலே வருவதில்லை. குடியிருப்பவர் புகார் கொடுத்தாலும் வீட்டுக்காரர் மீது நடவடிக்கை எடுக்கும்படியாகவும், அதற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாதபடியாகவும் விதி இருக்க வேண்டும். ஆயாவிடம் இதைச் சொன்னேன். "நீ முதலில் உன் குழாயை மாற்று ராசா, சட்டத்தை அப்புறம் மாற்றலாம்" என்றார்.

நம் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி. வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குப் பொருத்தமான வழியும்கூட. ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தை நன்றாகக் கலக்கி மாடியின் மழைநீர்த் துளையில் ஊற்றுங்கள். கீழே ஒருவரை நிறுத்தி, உங்கள் வீட்டுக்குள் இருக்கும் சேம்பர் மூடியை மட்டும் திறந்து எட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் இருக்கும் மேன்ஹோலைத் தொடாதீர்கள், அதன் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீடுகளில் இப்படி ஊற்றிப் பார்த்தோம். முதல் வீட்டில் நீலம் வரவில்லை. இரண்டாவது வீட்டிலும் வரவில்லை. மூன்றாவது, முற்றம் பேசிய பெரியவரின் வீடு. வாளியைக் கவிழ்த்துவிட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே கைகட்டி நின்றிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் சேம்பரையே பார்த்தார். பிறகு மேலே பார்க்காமலே, "மேஸ்திரிக்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்டார்.