வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் மட்டும்தான் வழியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊருக்கு ஊர் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி தொடங்கிவிடுகிறது. அங்கே பேசப்படுவது ஒரே வழிதான்: முழுப் பட்டப்படிப்பு, கல்விக் கடன், அடமானத்துக்கு வீட்டுப் பத்திரம். ஒரு செமஸ்டர் மட்டும் போய்ப் படித்துவிட்டு வரலாம், பள்ளியில் படிக்கும்போதே ஓராண்டு போய் வரலாம் என்று யாரும் சொல்வதில்லை. ஏஜென்சிகளுக்குப் பல்கலைக்கழகம் தரும் கமிஷன்தான் முக்கிய வருமானம். கட்டணமே கட்டாமல் போகிற மாணவரால் அவர்களுக்கு என்ன லாபம்?

கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாணவர் பரிமாற்றம் நடக்கும் விதம் இதுதான். இரண்டு கல்லூரிகள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். நம் மாணவர் வழக்கம்போல இங்கேயே ஃபீஸ் கட்டுவார், அங்கே கட்ட வேண்டியதில்லை. பதிலுக்கு அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். விமான டிக்கெட், விசா, காப்பீடு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவை நம் செலவு. அதற்கும் சில திட்டங்களில் உதவித்தொகை உண்டு. ஐரோப்பாவில் 1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது முதல் ஆண்டில் போனவர்கள் 3,244 பேர்தான். இன்று அங்கே ஒரு செமஸ்டரை வேறு நாட்டில் படிப்பது சாதாரண விஷயம்.

அது அங்கே நிலைத்ததற்கு முக்கியக் காரணம் ஒரு காகிதம். மாணவர் கிளம்பும் முன்பே, போகிற இடத்தில் படிக்கும் எந்தப் பாடம் சொந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று எழுதி மாணவரும் இரண்டு கல்லூரிகளும் கையெழுத்துப் போடுகிறார்கள். செமஸ்டருக்கு 30 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி. தேறி வந்தால் சொந்தக் கல்லூரி அதை அப்படியே வரவு வைக்க வேண்டும்.

நம் ஊரில் இடிக்கிற இடமும் இதுவேதான். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி ஜெர்மனியில் ஒரு செமஸ்டரை நல்ல மதிப்பெண்ணோடு முடித்து வந்தாள். பாடத்திட்டத்தோடு பொருந்தவில்லை என்று சொல்லி, அவள் படித்த கல்லூரி அந்த செமஸ்டர் தேர்வுகளை ஜூனியர்களோடு மறுபடி எழுத வைத்தது. ஜெர்மனியில் 1.0தான் உச்ச மதிப்பெண், 4.0 வரை பாஸ். அவள் வாங்கிய 1.3ஐப் பார்த்து, இது பாஸா என்று கேட்டார்களாம். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. அவளுக்கு அடுத்த பேட்ச்சில் யார் துணிந்து கிளம்புவார்கள்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கும் வழி இன்னும் பலருக்குத் தெரியாது. முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தன்னார்வலர்களின் அமைப்புதான் ஏஎஃப்எஸ். அடுத்த உலகப் போரும் முடிந்த பிறகு, 1947இல், பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கியது. எதிரெதிரே நின்ற நாட்டுப் பிள்ளைகள் ஒரே வீட்டில் வளர்ந்தால் அடுத்த போரைத் தவிர்க்கலாம் என்ற நம்பிக்கை. 2002இல் வந்த கென்னடி-லூகர் ‘யெஸ்’ என்ற பள்ளி மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்க அரசே செலவை ஏற்றது. இந்தியாவிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். இப்படிப் பரிமாற்ற விசாவில் அமெரிக்கா போகும் பள்ளி மாணவர், சம்பளம் வாங்காமல் வரவேற்கும் ஒரு குடும்பத்தோடு தங்கி, பக்கத்துப் பள்ளியில் அதிகபட்சம் ஓராண்டு படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். போர்டு எக்ஸாம் தள்ளிப்போகுமே என்று பெற்றோர் பயப்படுவது புரிகிறது. ஆனால் முன்பின் தெரியாத வீட்டில் பதினாறு வயதில் தானாக வாழப் பழகிய பிள்ளைக்கு அந்த ஓராண்டு நஷ்டமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதுகலைதான் வேண்டும் என்பவர்கள் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளைப் பாருங்கள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, ஃபீஸும் கிடையாது. கட்டணம் இல்லை என்று எல்லோரும் சொல்லும் ஜெர்மனிக்குக்கூட ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். நம் காசுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். முண்டுஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரிக்குள் முடிந்துவிடும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் மூழ்கியிருக்கும் நேரம் அது. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஆங்கிலத் தேர்வை எழுதிவிடுங்கள், பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்றும் யோசித்துவிடுங்கள்.

அப்புறம், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு ஒன்று. எத்தனை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்தப் பட்டியல் எல்லாக் கல்லூரி பிரோஷரிலும் இருக்கும். போன வருடம் எத்தனை பேர் போனார்கள், திரும்பி வந்தவர்களில் எத்தனை பேருக்கு கிரெடிட் வரவு வைக்கப்பட்டது என்று கேளுங்கள்.