வியாழக்கிழமை வந்து "அழுகல்" என்றால் எப்படி?

போன வாரம் மலைநாட்டுக் கந்தப்பளையிலிருந்து எட்டு மூட்டை லீக்ஸ் கொழும்புக்கு ஏற்றினோம். கிலோ இவ்வளவு என்று போனிலேயே விலை பேசி வாங்கியவர் அங்குள்ள ஒரு வியாபாரி. திங்கள் விடியற்காலை சரக்கு இறங்கிவிட்டது. வியாழக்கிழமை பின்னேரம் போன் எடுத்து, "தம்பி, மூன்று மூட்டை அழுகல், கழித்துத்தான் காசு போடுவேன்" என்கிறார். மூட்டை எங்கே முதலாளி என்றால் கொட்டியாச்சாம். ஒரு படம்கூட இல்லை. மீதி ஐந்தையும் திங்களன்றே விற்றுவிட்டார்.

அழுகின மரக்கறியை வேண்டாம் என்று சொல்ல வாங்குபவருக்கு முழு உரிமை இருக்கிறது, அதில் எனக்குச் சண்டையே இல்லை. அப்பா ஒருமுறை கழுவின கெரட்டை ஈரம் வடிய முன்பே மூட்டை கட்டி அனுப்பிவிட்டார். அங்கே அவிழ்த்தபோது சூடேறி வழவழவென்று இருந்திருக்கிறது. அந்த நிமிடமே போன் எடுத்து வேண்டாம் என்றார்கள். பிழை எங்களுடையது, அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

ஆனால் அந்த உரிமைக்கு ஒரு நேரம் உண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் நம் நாட்டில் இதற்குச் சட்டம். முன்பு பார்க்காமல் வாங்கியவருக்குச் சரக்கைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கொடுக்கவேண்டும், அதுவரைக்கும் அவர் ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது. அதே சட்டம்தான், நியாயமான காலம் தாண்டியும் வேண்டாம் என்று அறிவிக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு என்றும் சொல்கிறது. சோதித்துப் பார்க்க வாய்ப்பிருந்தும் தன் சரக்குப்போல இன்னொருவருக்கு விற்றாலும் அப்படியே. அதற்குப் பிறகு நட்டம் கேட்கலாம், சரி, ஆனால் சரக்கு வரும்போதே பழுதாக இருந்தது என்று அவர்தான் காட்டவேண்டும். கொட்டிவிட்டு எதைக் காட்டுவார்?

நியாயமான காலம் இத்தனை மணித்தியாலம் என்று சட்டத்தில் எழுதியில்லை, பொருளைப் பொறுத்தது. மரப்பெட்டிக்கும் லீக்ஸுக்கும் ஒரே காலமா? இறுக்கிக் கட்டிய மூட்டைக்குள் லீக்ஸ் மூன்று நாள் கிடந்தால் எந்தத் தோட்டத்து லீக்ஸும் மஞ்சளாகித்தான் போகும். என்னைக் கேட்டால் இறக்கின அன்று பகலுக்குள் சொல்லவேண்டும்.

இன்னொன்று, வேண்டாம் என்றால் அதைத் திருப்பி மலையேற்றி அனுப்பவேண்டிய கடமைகூட அவருக்கு இல்லை, அறிவித்தாலே போதும். ஒரு போன்தானே! திங்கள் காலை சொல்லியிருந்தால் அங்கேயே வேறு ஆளுக்கு அரை விலைக்காவது தள்ளியிருப்போம். கொமிஷனுக்கு விற்றுக்கொடுப்பவர் என்றால் அது வேறு கதை, இவர் விலை பேசி வாங்கினவர்.

இனிமேல் ஏற்றும்போதே மூட்டையை அவிழ்த்துப் படம் எடுத்து, நிறையும் எழுதி, பழுதிருந்தால் அன்று பன்னிரண்டு மணிக்குள் படத்தோடு சொல்லுங்கள் என்று வாட்ஸ்அப்பில் போடுகிறோம். நேற்று அனுப்பியதற்கு "சரி" என்று பதில் வந்திருக்கிறது. அந்த மூன்று மூட்டைக் காசை நாளைக்கும் கேட்பேன்.