டெம்போவின் தேர்வு தலைகீழ்

ஓரிணைய (OH உள்ள கார்பன் சங்கிலியின் முனையில்), ஈரிணைய (OH உள்ள கார்பன் சங்கிலியின் நடுவில்) ஆல்கஹால் இரண்டும் உள்ள டையாலில் (இரண்டு OH உள்ள சேர்மம்), டெம்போ (TEMPO என்னும் ஆக்சிஜனேற்ற வினையூக்கி)–பிளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) ஈரிணைய முனையை ஆக்சிஜனேற்றி கீட்டோனை மட்டும் தரும் என்று சொல்வது தவறு. பைகார்பனேட் கலந்த pH 9 அளவில், 0 டிகிரி செல்சியஸில், இட நெருக்கடி குறைந்த ஓரிணைய முனைதான் முதலில் ஆல்டிஹைடாகும். கீட்டோன் வேண்டுமென்றால் டெம்போவைத் தவிருங்கள். டையாலை அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, 15–25 டிகிரியில் 1.1 சமான அளவு (டையாலின் மோல்களைப் போல் 1.1 மடங்கு) சோடியம் ஹைப்போகுளோரைட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். குளோரின் கிளம்பும், புகைக்கூண்டு கட்டாயம். பழைய பிளீச்சின் லேபிளை நம்பாதீர்கள், அயோடின் தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) செறிவைக் கண்டுபிடியுங்கள். பிளீச் அதிகமானால் ஓரிணைய முனையும் தாக்கப்படும், கீட்டோனின் ஆல்ஃபா கார்பனிலும் (C=O-க்கு அடுத்த கார்பன்) குளோரின் ஏறும். ஸ்டார்ச்–அயோடைடு தாள் நீலமானால் மிச்ச பிளீச்சை பைசல்ஃபைட்டால் முறியுங்கள்.