பெயின்டுக்கு முன் அடித்தகட்டைப் பாருங்கள்

ஹட்டனில் ஒரு தந்தையும் 16 வயது மகளும் சேர்ந்து பழைய மொரிஸ் மைனர் காரைச் சீர்செய்துவருவது பற்றிய கட்டுரையை மிகுந்த மகிழ்ச்சியோடு வாசித்தேன். பண்டாரவளையில் நீண்ட காலம் கராஜ் வேலை பார்த்தவன் என்ற முறையில், அடுத்த மாதம் பெயின்ட் அடிக்கப்போவதாக அவர்கள் சொல்லியிருப்பது குறித்து ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடல் தகடே பாரத்தைத் தாங்குவதால், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் பின்பக்க வில்லுகள் (ஸ்பிரிங்குகள்) பொருந்தும் இடங்களும் துருப்பிடித்தால், அது அழகுக் குறை அல்ல, உயிருக்கு ஆபத்தான குறை. மழையும் மூடுபனியும் எளிதில் விலகாத மலையகத்தில் துரு உள்ளிருந்தே அரித்துவரும். வெளியே பூச்சு பளபளப்பாகத்தான் இருக்கும். மகளிடம் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து அடிப்பக்கம் முழுவதையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்; உளுத்த தகடு மந்தமாகச் சத்தமிட்டு உள்ளே அமுங்கும்.

பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே மறைந்திருப்பதால் பலர் அதைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள இந்தக் கார் றம்பொடை இறக்கத்தைச் சந்திக்கும் முன், அந்தச் சிலிண்டரின் ரப்பர் சீல்களையும் பிரேக் குழாய்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள். உரிமம் எடுக்க மகளுக்கு 18 வயதாக வேண்டும் என்றாலும், இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கும் முறையைப் பக்கத்து இருக்கையில் வைத்தே இப்போது விளக்கலாம். இருக்கை உறைகளும் குரோம் வேலையும் அதற்குப் பிறகு வரட்டும்.