"அது அப்படித்தான்" என்பது ஒரு பதிலா?

ஐந்தின் அடுக்கு பூஜ்ஜியம் (5⁰) ஏன் ஒன்று என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறாள். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்கிறார் டியூஷன் சார். மேற்கு மாம்பலத்தில் முழு வருடப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு சொல்கிற பதில் இது. வயிறு எரிகிறது.

என் மகளின் நோட்டில் அடுக்கு விதிகளை எல்லாம் கட்டம் கட்டி எழுத வைத்திருக்கிறார்கள். ஒரு வரி விளக்கம் கிடையாது. இதில் மனப்பாடம் பண்ண என்ன இருக்கிறது? 2³ என்றால் மூன்று இரண்டுகளின் பெருக்கல், 2⁴ என்றால் நான்கு. இரண்டையும் பெருக்கினால் மொத்தம் ஏழு இரண்டுகள், 2⁷. எண்ணத் தெரிந்தால் போதும். இதைச் சொல்லாமல் "அடுக்கைக் கூட்டு" என்று மட்டும் சொன்னால், 2³ + 2⁴ஐப் பார்த்தாலும் பிள்ளை 2⁷ என்றுதான் எழுதும். எழுதியிருக்கிறாள். 8ம் 16ம் சேர்ந்தால் 24 தானே, 128 எப்படி வரும் என்று போட்டுக் காட்ட அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. சிவப்பு மையில் ஒரு இன்டு போட்டதோடு சரி.

பூஜ்ஜியத்துக்கு வருவோம். 5³ என்பது 125, 5² என்பது 25, 5¹ என்பது 5. அடுக்கு ஒன்று குறையும்போதெல்லாம் விடையை ஐந்தால் வகுக்கிறோம். இன்னும் ஒரு படி இறங்கினால் 5 ÷ 5, அதாவது 1. இதுதான் 5⁰. அதற்கும் கீழே போனால் 1/5, அப்புறம் 1/25. பிள்ளைகள் பார்த்து மிரளுகிற மைனஸ் அடுக்கும் அதே வரிசையில் தானாக வந்துவிடுகிறது. இப்படி இறங்கும்போது அடிமானம் (அடுக்கைச் சுமக்கிற எண்) ஏன் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும், பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாதே! கரும்பலகையில் இரண்டு நிமிட வேலை ஐயா இது.

ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் மெமரி கார்டு 32, 64, 128, 256 ஜிபி என்றுதான் அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாமே இரண்டின் அடுக்குகள். 32 ஜிபி கார்டு நான்கு சேர்ந்தால் ஒரு 128, அதாவது 2⁵ × 2² = 2⁷. இதைச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குப் புரியாது?

கேட்டால் "பரீட்சைக்கு இந்த விளக்கம் வராது" என்கிறார்கள். (-3)² என்பது 9, அடைப்புக்குறி இல்லாத -3² என்பது -9. இந்த வித்தியாசம் புரியாமல் பரீட்சையில் மார்க் போகிறதே, அது யார் கணக்கு? பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை, பதினொன்றில் மடக்கை (லாகரிதம்), எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. அதையும் அப்படித்தான் என்று விழுங்கச் சொல்வார்களா?

அடுத்த வாரத்தோடு அந்த டியூஷனை நிறுத்துகிறேன். கட்டிய பணம் போனால் போகட்டும்.